சுகம் என்று எழுதினால்

ஹோ சி மின் நகரம்
12 மார்ச் 1981

அண்ணே,

முதலில் சண்டை, பிறகுதான் சேதி. உறையில் "சைகோன்" என்று எழுதாதே என்று எத்தனை தடவை சொல்வது? ஊருக்குப் பெயர் மாறி ஐந்து வருடம் ஆகிறது. நீ பாரிஸ் பக்கம் உட்கார்ந்துகொண்டு பழைய பெயரை எழுதுகிறாய். இங்கே வார்டு அலுவலகத்தில் தோழர் பே என்னைக் கூப்பிட்டு, "உங்க அண்ணனுக்கு இன்னும் சேதி போய்ச் சேரலையா?" என்கிறார். கடிதத்தை நேராகவும் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டு, சேமியாவைக் கொட்டின மாதிரி இருக்கிறது என்றார். ஒரு பக்கத்தை வியட்நாமிய மொழியில் சொல்லச் சொன்னார். குளிர், பரீட்சை, கோட்டு என்று சொன்னேன். கொட்டாவி விட்டுக் கொடுத்துவிட்டார். இந்த ஊரில் நம் தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிச்சம் இருப்பதே நாலைந்து பேர், அவர்களும் மசூதித் தெருவில் கடை பறிபோய்ச் சும்மா இருக்கிறார்கள். அதனால் எனக்குப் பயமில்லை. நான் எழுதுவதை எழுதியபடியே நீ படிக்கலாம்.

நீ அனுப்பிய கம்பளி ஸ்வெட்டர் வந்தது. இங்கே மார்ச் மாதம் எப்படி இருக்கும் என்பதுகூடவா மறந்துபோகும்? அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு வியர்த்துப்போய் எடுத்து வைத்தாள். டாலாட் மலையிலிருந்து முட்டைக்கோஸ் கொண்டுவருகிற பெண்ணிடம் கொடுத்துவிட்டுத் தவிடு வாங்கினேன். தவிடு யாருக்கு என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது மூன்றாவது முறை எழுதிய பிறகுதான். முதல் இரண்டு முறையும் மதிப்பெண் குறைவு என்று சொல்லவில்லை. தகப்பன் பிரெஞ்சு வங்கியில் குமாஸ்தா, அண்ணன் பிரான்ஸில் என்றார்கள். இரண்டு வருடம் அன்னாசிப் பண்ணையில் கால்வாய் வெட்டினேன். கை காய்த்துப்போனதைப் பார்த்த பிறகு சேர்த்துக்கொண்டார்கள். ஆசிரியர் கல்லூரி, பௌதிகம். வைத்தியம் படிக்க ஆசைப்பட்டவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இப்போது கேட்டால் பௌதிகத்தை விடமாட்டேன்.

விடுதி அறையில் நாங்கள் ஆறு பேர். மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏறுவதில்லை, அதனால் குளியலறை சும்மா கிடந்தது. பக்கத்துக் கட்டில் லான், மெக்கோங் பக்கத்துப் பெண், வாயைத் திறந்தால் மூடமாட்டாள். அவள் ஒரு நாள் சைக்கிள் கூடையில் பன்றிக்குட்டி ஒன்றைக் கொண்டுவந்து அங்கே கட்டிவிட்டாள். ஊரே செய்வதுதான். பேராசிரியர் வீட்டுக் குளியலறையிலும் பன்றி கத்துகிறது, அவர் எங்களை என்ன கேட்க முடியும்? வருகிற தெத் புத்தாண்டுக்கு வெட்டி ஆறு பங்கு போடுவதாகத் திட்டம்.

பெயர் மார்கரித். ஆமாம், நம் கான்வென்ட் மதர் மார்கரித்தேதான். அந்த நடையைப் பார்த்ததும் எனக்கு வேறு பெயர் தோன்றவில்லை. ஆளுக்கு ஒரு நாள் முறை. என் முறை வரும் நாளில் தெரு ஒலிபெருக்கி கத்த ஆரம்பிக்கும்போதே எழுந்து, கீழேயிருந்து தண்ணீர் சுமந்து, கழுவிவிட்டு, அவள் தின்கிற நேரத்தில் அவளுக்குப் பாடம் சொல்லுவேன். அவளிடம் உரக்கச் சொன்ன சூத்திரம் எனக்கு மறப்பதேயில்லை. மாலையில் நாங்கள் ஆறு பேரும் மொட்டை மாடியில் பாடுவோம். சோற்றில் பாதி சோளம், சில நாள் முழுக்கவே சோளம். இருந்தாலும் காலையில் எழுந்திருக்க எனக்கு ஆசையாக இருக்கிறது, அண்ணே. அப்பா இறந்துபோன பிறகு அப்படி ஒரு காலை எனக்கு வந்ததில்லை.

சுகமாக இருக்கிறேன், சந்தோஷமாகவும் இருக்கிறேன். இரண்டையும் சேர்த்து எழுதுவது இதுதான் முதல் தடவை. அம்மாவுக்கு இருமல் அப்படியேதான் இருக்கிறது.

உன் தங்கை
ஜூலியேத்


மரியே வாழ்க

சர்செல்
24 மே 1981

அன்புத் தங்கை ஜூலிக்கு,

உன் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பியேர் சித்தப்பா வீட்டில் வைத்துப் படித்தேன். பன்றி வந்த இடத்தில் சித்தி சிலுவை போட்டுக்கொண்டாள். என் தங்கை பன்றியோடு ஓர் அறையில் தூங்குகிறாள், சோளத்தைத் தின்கிறாள், அதைச் சந்தோஷம் என்று எழுதுகிறாள். நான் படித்து முடித்ததும் சித்தப்பா சொன்னார்:

"அங்கேருந்து வர்ற காயிதத்தைத் தலைகீழாத்தான் படிக்கணும், ரோஜே. நல்லாருக்கேன்னா முடியலைன்னு அர்த்தம். சந்தோஷமா இருக்கேன்னு எழுதுனா, உசுரு போவுது, வந்து தூக்கிட்டுப் போன்னு அர்த்தம்."

அவர் கூட்டாளி ஒருவருடைய மகன், புது அரசாங்கம் அடைத்துவைத்த மறுகல்வி முகாமிலிருந்து, "சாப்பாடு ருசியாக இருக்கிறது, புது விஷயங்கள் கற்றுக்கொள்கிறேன்" என்று எழுதினானாம். அடுத்ததாக வந்தது சாவுச் சேதி. இங்கே எல்லாருக்கும் அப்படி ஒரு கதை இருக்கிறது. தமிழில் எழுதினால் பயமில்லை என்கிறாய். உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து மொழிபெயர்க்கச் சொல்கிறார்கள் என்பதையும் நீயேதான் எழுதியிருக்கிறாய்.

நான் மறக்கவில்லை, ஜூலி. நான் பிறந்ததும் அப்பா பிரெஞ்சுத் தூதரகக் கோன்சுலாவில் பதிந்தார், நான் பிரெஞ்சுப் பிரஜை ஆனேன். உன்னைப் பதியவில்லை. அந்த ஒரு காரணத்துக்காக டான் சோன் நாட் விமான நிலையத்தில் உன்னையும் அம்மாவையும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கவிட்டு நான் விமானம் ஏறினேன். உனக்கு வயது பதினைந்து, அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாய். அதன் பிறகு எனக்கு எந்தச் சாப்பாடும் இறங்கவில்லை.

என் சேதி இதுதான். பார்மசி இரண்டாம் வருடத்தை இரண்டாவது தடவையாகப் படிக்கிறேன். மத்தியானம் பள்ளிக்கூடக் கேன்டீனில் தட்டு கழுவுகிறேன். வகுப்பில் எனக்கு "போன்ஜூர்" சொல்பவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் வாயில்காவலர். தூக்கம் வரவில்லை என்று மாணவர் மருத்துவரிடம் போனேன். அவர் காகிதத்தில் ஒரு வட்டம் வரைந்து மூன்றாகப் பிரித்தார். இது படிப்பு, இது தூக்கம், இது உன் சந்தோஷம், மூன்றும் சரிசமமாக இருந்தால்தான் மாணவ வாழ்க்கையில் சமநிலை வரும் என்றார். மூன்றாவது பங்கில் என்ன செய்கிறாய் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். காகிதத்தை மடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

உன்னை இங்கே கூப்பிட்டுக்கொள்ள மனுப்போடலாம் என்கிறார் சித்தப்பா. குடும்பம் சேர்வதற்கு என்று இரண்டு அரசாங்கமும் பட்டியல் மாற்றிக்கொள்கிறார்களாம். கொஞ்ச நாள் பொறுத்துக்கொள், உன்னை அங்கே விடமாட்டேன்.

உன் அண்ணன்
ரோஜே


ஹோ சி மின் நகரம்
2 ஆகஸ்டு 1981

அண்ணே,

வேண்டாம்.

மனு, பட்டியல் எதுவும் வேண்டாம். இதை நேராகப் படி. என் பெயர் வெளியேறுகிறவர்கள் பட்டியலில் வந்தால் அது முதலில் கல்லூரிக்குத்தான் வரும். வந்த அன்றைக்கே என் பெயரை அடித்துவிடுவார்கள். வரலாற்றுத் துறையில் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் ஆயிற்று. அவளுடைய மாமா கனடாவிலிருந்து மனுப்போட்டார். அவள் கனடாவும் போகவில்லை, வகுப்புக்கும் வரவில்லை, இப்போது சந்தையில் பழைய துணி விற்கிறாள். எனக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. முடித்துவிட்டால் நான் டீச்சர். அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. அதற்கு அப்புறம் நீ என்ன மனு வேண்டுமானாலும் போடு, நானே கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்.

பன்றி என்றதும் உனக்கு ஏன் இத்தனை அருவருப்பு? காரைக்கால் சொந்தக்காரர்கள் வந்தால் அப்பா அம்மாவின் வியட்நாமியச் சமையலை மறைத்து வைப்பார், அந்த முகம்தான் உனக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன். மார்கரித் சுத்தமானவள். எங்கள் ஆறு பேரில் இரண்டு பேரைவிடச் சுத்தம்.

உன் மருத்துவரின் வட்டத்தை லானுக்கு வரைந்து காட்டினேன். "இதுல பன்னிக்கு எங்கே இடம்?" என்று கேட்டாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். எங்களுக்கு அப்படிப் பிரிக்க வராது. தண்ணீர் சுமக்கும்போது பாடம் சொல்கிறோம், பாடத்துக்கு நடுவில் சண்டை போடுகிறோம், கால்வாய் வெட்டும்போது பாடுகிறோம். எது படிப்பு, எது சந்தோஷம் என்று கத்தி வைத்து வெட்டினால் ஒன்றுமே மிஞ்சாது. உனக்கு அங்கே மூன்று பங்கும் தனித்தனித் தட்டில் இருக்கிறது போல. ஒரு தட்டில் ஒன்றுமே இல்லை என்று நீ எழுதியது எனக்கு வருத்தம்தான். உனக்கும் ஒரு லான் கிடைக்கட்டும் என்று அம்மாவோடு கோயிலுக்குப் போனபோது கேட்டுக்கொண்டேன்.

போன மாதம் வகுப்பு முழுக்க லாரியில் வுங் டாவ் போனோம். மூன்று நாள் உப்பளத்தில் வேலை, நாலாம் நாள் கடலில் விட்டார்கள். நான் கழுத்தளவு தண்ணீரில் நின்றேன். லானுக்கு நீச்சல் தெரியாது, என் தோளைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். திரும்பி வருகையில் லாரியில் நின்றபடியே தூங்கிவிட்டேன், விழாமல் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருந்தார்களாம். அப்படி ஒரு தூக்கம் உன் மருத்துவரால் எழுதித் தர முடியுமா?

என்னைப் பதியாதது அப்பாவின் சோம்பல். அன்றைக்கு மழை என்று போகவில்லை, மறுநாளும் மழை என்றார், அப்புறம் மறந்துவிட்டார். மகன் பிறந்தபோதும் மழைதான் பெய்தது, குடை பிடித்துக்கொண்டு ஓடினார் என்று அம்மா சொல்வாள். அதில் உன் குற்றம் ஒன்றும் இல்லை. அதற்காக நான் இங்கே துன்பப்பட்டுக்கொண்டே இருந்தால்தான் உனக்கு நிம்மதி என்று இருக்காதே. நான் சந்தோஷமாக இருப்பது உனக்கு ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?

மறுபடியும் சொல்கிறேன், மனுப்போடாதே.

ஜூலியேத்


மரியே வாழ்க

சர்செல்
11 அக்டோபர் 1981

அன்பு ஜூலிக்கு,

வுங் டாவ் போனேன் என்கிறாய். அங்கே எதற்குப் போவார்கள் என்று எனக்குத் தெரியாதா? கழுத்தளவு தண்ணீரில் நின்றேன், நீச்சல் தெரியாத பெண் தோளைப் பிடித்தாள் என்று எழுதியிருக்கிறாய். இங்கே ஒவ்வொரு வாரமும் தொலைக்காட்சியில், அங்கேயிருந்து கடல் வழியாகத் தப்பி ஓடுகிறவர்களின் படகுகளைக் காட்டுகிறார்கள். எலென் என்று ஒரு பெண் எங்கள் கோயிலுக்கு வருகிறாள், பாண்டிச்சேரிக் குடும்பம். அவளுடைய தம்பி வுங் டாவில்தான் ஏறினான். இன்றுவரை தகவல் இல்லை.

"படகு ஏறப் பாத்துருக்கு, இந்தத் தடவ நடக்கலை, அதைத்தான் சொல்லுது" என்றார் சித்தப்பா. நீ வேண்டாம் என்று எழுதியிருப்பதைக் காட்டினேன். "வேண்டாம்னு இத்தனை தரம் எழுதுனா என்ன அர்த்தம்? சீக்கிரம் செய்யின்னு அர்த்தம்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன், பழியை அவர் மேல் போடவில்லை. நீ கடலில் போவதைவிட என் மேல் கோபப்படுவது எவ்வளவோ மேல்.

மனு போன வாரம் கொடுத்தாயிற்று. உன் பெயர், அம்மாவின் பெயர் இரண்டும் இருக்கிறது. மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் முத்திரை குத்தும்போது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கல்லூரியை நினைத்துக் கவலைப்படாதே, இங்கே வந்து நல்ல கல்லூரியில் படிக்கலாம். அதுவரை கடல் பக்கம் போகாதே. எனக்கு அந்த ஒரு சத்தியம் மட்டும் செய்து கொடு.

ரோஜே


ஹோ சி மின் நகரம்
30 ஜனவரி 1982

ரோஜே,

தெத் முடிந்துவிட்டது. நடந்ததை எழுதுகிறேன், சுருக்கமாக எழுத வரவில்லை.

டிசம்பரில் கல்லூரி அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு காகிதத்தில் என் பெயர் பிரெஞ்சு எழுத்தில் இருந்தது, அதற்குக் கீழே அம்மாவின் பெயர். அவர்களில் ஒருவர், எங்களுக்கு ஒளியியல் எடுத்தவர், நல்ல மனுஷர், மெதுவாகத்தான் கேட்டார்: "நம்ம அரிசியைத் தின்னு படிச்சிட்டு, பிரான்ஸ்ல போயா பாடம் சொல்லித் தரப் போறே?"

எனக்குத் தெரியாது, அண்ணன் கொடுத்தது என்றேன்.

"அண்ணனுக்கு எப்படித் தோணுச்சு? நீ என்ன எழுதினே?"

"சந்தோஷமா இருக்கேன்னுதான் எழுதினேன்."

மூன்று பேரும் சிரித்தார்கள். அவர்களும் நம்பவில்லை, ரோஜே. நீ அங்கே நம்பவில்லை, அவர்கள் இங்கே நம்பவில்லை. அந்தக் கட்டடத்தில் சந்தோஷமாக இருக்கிறேன் என்று நிஜமாகச் சொன்ன ஒருத்தி நான்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு வகுப்புக் கூட்டம். என்னை நீக்குவதற்கு ஒப்புகிறவர்கள் கை தூக்க வேண்டும். எல்லாரும் தூக்கினார்கள். லான் கடைசியாகத் தூக்கினாள், முழங்கையை மேசையிலிருந்து எடுக்காமல். தூக்காவிட்டால் அவளுக்கும் கேள்வி வரும், அவள் அப்பா ஒற்றைக் காலோடு வயலில் நிற்கிறவர். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. கோபம் முழுவதும் ஓர் ஆள் மேல்தான் இருக்கிறது, அவன் சர்செலில் இருக்கிறான்.

அன்றைக்குச் சாயந்திரம் பெட்டியைக் கட்டினேன். மார்கரித்துக்கு அது என் முறை நாள், கழுவிவிட்டுத்தான் வந்தேன். நல்ல பெரியவளாக வளர்ந்துவிட்டாள், குளியலறைக் கதவு வழியாக வெளியே வரமாட்டாள் என்று எல்லாருக்கும் கவலை.

தெத்துக்கு முதல் நாள் லான் சைக்கிளில் வீட்டுக்கு வந்தாள். வாழை இலையில் என் பங்கு இருந்தது. கதவை இடித்துத்தான் மார்கரித்தை வெளியே எடுத்தார்களாம். வாய் ஓயாத அந்தப் பெண் வாசலில் நின்று, "ஆறு பங்குதான் போட்டோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அம்மா கறியும் முட்டையும் போட்டு இளநீர் ஊற்றிக் குழம்பு வைத்தாள். நான் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். மார்கரித்துக்கு நான் சொல்லிக்கொடுத்த பௌதிகமெல்லாம் எனக்கே திரும்பி வந்துவிட்டது, இனி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

நான் வுங் டாவுக்குக் குளிக்கப் போனேன். குளிக்க மட்டும்தான் போனேன்.

ஜூலியேத்


மரியே வாழ்க

சர்செல்
18 ஏப்ரல் 1982

அன்பு ஜூலிக்கு,

உன் கடிதத்தை நான் மட்டும் படித்தேன், சித்தப்பாவிடம் காட்டவில்லை. நீ என்னை அண்ணன் என்றுகூடக் கூப்பிடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பார். படிப்பவளை ஒரு காகிதத்துக்காகத் துரத்துகிற இடம் அது. அங்கே நீ சந்தோஷமாக இருந்தாய் என்றால் அது எத்தனை நாளைக்கு? இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு வேறு ஒரு காகிதம் வந்திருக்கும். நான் செய்தது தப்பு என்று எனக்கு இன்னும் படவில்லை. செய்த விதம் தப்பாக இருக்கலாம்.

உனக்காக ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறேன். ஜன்னல் பக்கம். பெண்கள் கோட்டு ஒன்று எலென் தேடிக் கொடுத்தாள், ஏறத்தாழப் புதுசு. பார்மசியை விட்டுவிட்டேன். வீடும் சம்பளமும் இருக்கிறவன் கூப்பிட்டால்தான் மனு நகருமாம், அதனால் மருந்துக் கிடங்கு ஒன்றில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போகிறேன். மருத்துவர் வரைந்த வட்டத்தைத் தூக்கிப் போட்டாயிற்று. உன் வரவு ஒன்றுதான் இப்போது எனக்கு எல்லாமும்.

அண்ணன்
ரோஜே


ஹோ சி மின் நகரம்
5 செப்டம்பர் 1982

அண்ணே,

கூட்டுறவுச் சங்கத்தில் சட்டைக் காலர் தைக்கிறேன். காலர் மட்டும்தான், சட்டையை நான் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் என்னோடு அதிகம் பேசுவதில்லை, நாளைக்குப் போய்விடுகிறவளோடு என்ன பேச்சு என்று இருக்கலாம். லானுக்கு மூன்றாம் வருடம் தொடங்கிவிட்டது. வருகிறேன் என்று சொல்லியனுப்பினாள், வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அம்மா இருமும்போது இப்போது ரத்தம் வருகிறது. ஊசி மருந்து எங்கே கிடைக்கிறது என்று கேட்டால் பிரான்ஸில் கிடைக்கும் என்கிறார்கள்.

நான் வருகிறேன். இங்கே எனக்கு இனி ஒன்றும் இல்லை. சீக்கிரம் செய். இதையாவது நேராகப் படி.

ஜூலியேத்


மரியே வாழ்க

சர்செல்
20 மார்ச் 1983

ஜூலி,

எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். பதில் வந்துவிட்டது. அம்மாவுக்குச் சம்மதம் கிடைத்திருக்கிறது. உனக்கு இல்லை.

வயது வந்த தங்கை குடும்பத்தில் சேர்த்தி இல்லையாம். தாய் சேர்த்தி, மனைவி சேர்த்தி, சின்னப் பிள்ளை சேர்த்தி. அன்றைக்கு முத்திரை குத்திய அதே அம்மாளிடம் போய்ச் சத்தம் போட்டேன். "வாங்கி வைக்கிறதுதான் என் வேலை, சம்மதம் கொடுக்கிறது நானில்லை" என்றாள். அப்பா உன்னைக் கோன்சுலாவில் பதிந்திருந்தால் உன் பாஸ்போர்ட்டே போதும், நான் தேவையே இல்லை என்றும் சொன்னாள்.

சித்தப்பா இப்போது வேறு பேச்சுப் பேசுகிறார். அங்கேயே படிப்பை முடித்திருந்தால் நல்லது என்கிறார். அவர் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். கல்லூரியில் மறுபடியும் கேட்டுப் பார்க்க முடியுமா? மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டதாக நான் எழுதித் தருகிறேன்.

அம்மாவை அனுப்புவாயா?

ரோஜே


ஹோ சி மின் நகரம்
14 ஜூன் 1983

அண்ணே,

கல்லூரியில் கேட்டேன். போவதாகச் சொன்னவள் போகவில்லை என்பது அவர்களுக்கு ஒரு காரணமே இல்லை. ஒளியியல் எடுத்தவர் வாசல்வரை வந்து என் சைக்கிளைப் பிடித்துக் கொடுத்தார், அவ்வளவுதான்.

அம்மா மாட்டேன் என்று ஒரு வாரம் அழிச்சாட்டியம் பண்ணினாள். "உன்னை விட்டுட்டு அந்தக் குளிர்ல போயி நான் யாருகிட்டப் பேசுறது?" என்றாள். இங்கேயே இருந்தால் ஆறு மாதம்கூடத் தாங்கமாட்டாள் என்று வைத்தியர் என்னிடம் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. நான் அடுத்த பட்டியலில் வருகிறேன் என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன். வருகிற வியாழக்கிழமை ஏற்றிவிடுகிறேன். அதே கண்ணாடிதான், இந்தத் தடவை என் செருப்பையே போட்டுக்கொண்டு போவேன்.

மருந்தை நேரத்துக்குக் கொடு. புளித்த மீன் சாறு இல்லாமல் சோறு இறங்காது அவளுக்கு. மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல் வாங்கிக் கொடு.

ஜூலியேத்


சர்செல்
6 ஜனவரி 1985

அன்பு ஜூலி,

உறையைப் பார்த்தாயா? ஹோ சி மின் நகரம் என்று முழுசாக எழுதியிருக்கிறேன். எலென் தான் சொன்னாள். ஈஸ்டருக்குப் பிறகு எனக்கும் அவளுக்கும் கல்யாணம்.

அம்மாவுக்குச் சதை போட்டிருக்கிறது. இருமல் நின்றுவிட்டது. ஜன்னல் பக்கத்துக் கட்டிலில்தான் படுத்துக்கொள்கிறாள், உனக்கு வாங்கிய கோட்டைத்தான் போட்டுக்கொள்கிறாள், கை நீளம் என்று மடித்து விட்டிருக்கிறாள். எங்களோடு அதிகம் பேசுவதில்லை. தபால்காரன் வந்தால் மட்டும் எழுந்து நிற்பாள். அவளுக்கு எழுத்தே தெரியாது என்பதால் உன் கடிதத்தை நான்தான் வியட்நாமிய மொழியில் படித்துச் சொல்ல வேண்டும். நீயோ ஆறு மாதத்துக்கு ஒரு முறை நாலு வரி எழுதுகிறாய். நான் கூடுதலாக இரண்டு வரி சேர்த்துச் சொல்கிறேன். அவள் கண்டுபிடித்துவிடுகிறாள்.

"புள்ள சந்தோஷமா இருக்காளான்னு கேட்டு எழுது" என்கிறாள் தினமும். நானும் கேட்கிறேன். உண்மையை எழுது, ஜூலி. நீ எழுதுவதை எழுதியபடியே படிக்கிறேன், இனிமேல் சத்தியமாக அப்படித்தான்.

ரோஜே


ஹோ சி மின் நகரம்
19 மார்ச் 1985

அண்ணே,

கல்யாணத்துக்கு என் வாழ்த்து. எலெனுக்கும் சொல். அவள் தம்பி கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன், கிடைத்திருந்தால் எழுதியிருப்பாய்.

லான் படிப்பை முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. தெற்கே கா மாவ் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் எடுக்கிறாள். போன வாரம் எழுதியிருந்தாள். அவள் பள்ளிக்கூடத்துக்கு இன்னும் ஒரு பௌதிக டீச்சர் வேண்டுமாம், ஆள் கிடைக்கவில்லையாம். எதற்காக அதை எனக்கு எழுதினாள் என்று தெரியவில்லை. அவளும் பன்றி வளர்க்கிறாள், பெயர் வைக்கவில்லையாம்.

காலரிலிருந்து என்னை மணிக்கட்டுப் பட்டிக்கு மாற்றிவிட்டார்கள். கல்லூரித் தெரு வழியாகப் போனால் வீடு பக்கம். நான் சந்தை வழியாகச் சுற்றிப் போகிறேன். வீட்டில் தண்ணீர் சுமக்கும்போது வாய் தானாக எதையோ சொல்கிறது. வெப்ப இயக்கவியல் இரண்டாம் விதி. ஒரு நாள் பாதியில் நின்றுவிட்டது, மிச்சம் நினைவுக்கு வரவில்லை. குடத்தை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இந்தப் பத்தியை அம்மாவுக்குப் படிக்காதே.

கீழே இருப்பதை மட்டும் அவளுக்கு உரக்கப் படி. ஒரு வார்த்தைகூடச் சேர்க்காதே, குறைக்காதே, எழுதியபடியே சொல். நீ உனக்கு எப்படிப் படித்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை அப்படித் தலைகீழாகவே படித்துக்கொள்.

அம்மா, நான் சுகமாக இருக்கிறேன். சந்தோஷமாகவும் இருக்கிறேன்.

ஜூலியேத்